எக்செலில் ஃபார்முலா எழுதுவதும் புரோகிராமிங்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்கள் எந்தக் கணினி மொழியைக் கற்கலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் இரண்டு கருத்துகளை ஏற்க முடியவில்லை. ஃபங்ஷனல் புரோகிராமிங் (கணக்கிடும் படிகளை வரிசையாகச் சொல்லாமல், எது எதைச் சார்ந்தது என்று ஃபார்முலாக்களாக எழுதும் முறை) கணிதக்காரர்களின் ஆராய்ச்சிக்கு மட்டுமே உதவும் என்பது ஒன்று. எக்செல் தெரிந்தவர்கள் கோடிங் தெரியும் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது இன்னொன்று. ஐடி துறையில் பலரும் இப்படித்தான் பேசுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் காஸ்டிங் போடுபவரின் ஷீட்டைப் பாருங்கள். நூல் விலை, நிட்டிங் கூலி, டையிங் கூலி, வேஸ்டேஜ் சதவீதம், தையல் கூலி என ஒவ்வொன்றும் ஒரு செல்லில் இருக்கும். கடைசியில் ஒரு பீஸின் விலை வரும். நூல் விலை ஏறினால் அந்த ஒரு செல்லை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் தானாக மாறிவிடும். எதை முதலில் கணக்கிட வேண்டும், எதை அடுத்து என்று அவர் எங்கும் எழுதுவதில்லை. எது எதைச் சார்ந்தது என்று மட்டும் சொல்கிறார். வரிசையை எக்செல் பார்த்துக்கொள்கிறது. ஒரு செல்லின் ஃபார்முலா வேறொரு செல்லில் நீங்கள் போட்டுவைத்த எண்ணைத் திருத்திவிடவும் முடியாது. ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் அடிப்படையே இதுதான்.

ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியை வடிவமைத்தவர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ், மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தபோது எக்செல் ஃபார்முலாக்களை இந்தக் கண்ணோட்டத்தில்தான் ஆராய்ந்தார். 2020 டிசம்பரில் எக்செலுக்கு லாம்டா என்ற வசதி அறிவிக்கப்பட்டது. 1930களில் கணித அறிஞர் அலோன்சோ சர்ச் உருவாக்கிய லாம்டா கால்குலஸ் என்ற கணித முறையிலிருந்து வந்த பெயர் அது. அதைக்கொண்டு நாமே ஃபங்ஷன் எழுதலாம். அந்த ஃபங்ஷன் தன்னையே திரும்ப அழைக்கவும் செய்யலாம். கணினியால் கணக்கிடக்கூடிய எதையும் கொள்கையளவில் இனி ஃபார்முலாவாகவே எழுதிவிடலாம். இதற்கு மேலும் இது புரோகிராமிங் இல்லை என்பது என்ன நியாயம்?

இந்த மனப்பான்மை முதல் பாடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். சி ஆகட்டும், பைதான் ஆகட்டும், வேரியபிளில், அதாவது ஒரு பெயரில், வைத்த மதிப்பை மாற்றிக்கொண்டே போவதும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய லூப் போடுவதும்தான் மாணவர் பார்க்கும் முதல் உலகம். ‘எக்ஸ் = எக்ஸ் + 1’ என்பதைப் பார்த்து முதலில் திகைக்கிறார். பழகிய பிறகு, அது இல்லாத எதுவும் அவருக்குப் புரோகிராமாகத் தெரிவதில்லை. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ், 1977இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் இந்த முறையையே கடுமையாக விமர்சித்து, ஃபங்ஷனல் முறையை மாற்றாக முன்வைத்தார். அந்த வழியை உலகுக்குப் பழக்கியவரே சொன்னதை நம் வகுப்பறைகள் இன்னும் காதில் வாங்கவில்லை.

ஃபங்ஷனல் முறை நடைமுறைக்கு ஆகாது என்பதும் சரியில்லை. எரிக்சன் நிறுவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக 1980களில் உருவாக்கிய எர்லாங் என்ற ஃபங்ஷனல் மொழியில், ஒரு வேரியபிளுக்கு மதிப்புக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. வாட்ஸ்அப்பின் சர்வர்கள் அந்த மொழியில்தான் எழுதப்பட்டன. 2014இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்க முன்வந்தபோது சுமார் 45 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். பொறியாளர்கள் 32 பேர்தான்.

ஷீட்டைப் புரோகிராமாக மதிக்காததால் இழப்பும் உண்டு. புரோகிராம் என்றால் சோதித்துப் பார்ப்போம், இன்னொருவரிடம் காட்டுவோம். ஷீட் என்றால் அப்படியே நம்பிவிடுகிறோம். நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு பல அரசுகளின் சிக்கன நடவடிக்கைகளுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. அதன் எக்செல் கோப்பில் சராசரி எடுக்கும் ஃபார்முலா 5 நாடுகளை விட்டுவிட்டிருந்ததை 2013இல் ஓர் ஆராய்ச்சி மாணவர்தான் கண்டுபிடித்தார். ஆய்வில் வேறு குறைகளும் சொல்லப்பட்டன, சரி. ஆனால் அந்த ஃபார்முலாவை முதலிலேயே இன்னொருவர் சரிபார்த்திருந்தால் இந்தப் பிழையாவது அச்சேறாமல் இருந்திருக்கும்.

எனவே ஒரு கோரிக்கை. அடுத்த இதழ்களில் இந்தத் தொடர் நீளுமானால், எக்செல் ஃபார்முலாக்களை எப்படிப் பிரித்து எழுதுவது, எப்படிச் சோதிப்பது என்று ஒரு பகுதி வெளியிடுங்கள். காஸ்டிங் போடுபவர்களுக்கும், கணக்கு எழுதுபவர்களுக்கும், மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் அது நாளைக்கே உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்