பிஆர் (மக்கள் தொடர்பு) டீம் ஹெட் ஆன மகளுக்கு

கண்ணம்மா,

வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பித் தர வேண்டிய விஷயமா உங்க கம்பெனி விடப்போற அறிக்கையோட டிராஃப்ட்ட நேத்து அனுப்புனியே, படிச்சேன். "சில வாடிக்கையாளர்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருக்கலாம்"னு ஒரு வரி இருக்கே, எத்தன பேருன்னு உங்க ஆபீசுக்கே தெரியும்னு நீதானே போன்ல சொன்னே, அப்புறம் என்ன "இருக்கலாம்"? நியூஸ் டெஸ்க்ல உக்காந்து காலம் பூரா பிரஸ் ரிலீஸ் படிச்சவன் நான், இப்படி ஒரு வரி வந்தா எங்க ரிப்போர்ட்டர் பசங்க உடனே போன எடுத்துருவாங்க, எதையோ மறைக்கிறாங்கடான்னு.

ஜூனியர் எழுதுனதுப்பான்னு சொல்லுவே. மேல திட்டுவாங்கன்னு பயந்து எழுதியிருப்பான் பாவம். மேல போய் "இத இப்படி அனுப்ப முடியாது சார்"னு சொல்ல வேண்டியது இனிமே நீதான்.

1982ல சிகாகோ பக்கம் டைலனால்ங்கிற வலி மாத்திரைல யாரோ சயனைடு கலந்து 7 பேர் செத்தாங்கள்ல, அந்த மாத்திரைய வித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில கடைகள்ல இருந்து திரும்ப எடுத்துச்சு, தலைவர் ஜேம்ஸ் பர்க்கே டிவில வந்து பதில் சொன்னார், அப்புறம் யாரும் பிரிச்சா தெரியிற மாதிரி சீல் வச்சு புது பேக்கிங்ல கொண்டாந்தாங்க. பிஆர் கிளாஸ்ல எல்லாம் இத உங்க தொழிலோட வெற்றின்னு சொல்லிக் குடுக்குறாங்க, எனக்கென்னமோ மாத்திரைய எடுத்ததுதான் பெருசுன்னு தோணுது, அத செய்யாம வெறும் அறிக்கை விட்டிருந்தா எவன் நம்பியிருப்பான்? அதனாலதான் சொல்றேன், முடிவு எடுக்குற மீட்டிங்லயே போய் உக்காரு. எல்லாம் முடிவாகி "கொஞ்சம் நல்லா எழுதிக் குடும்மா"ன்னு உங்கிட்ட வர்றப்ப நீ பண்றதுக்கு ஒண்ணும் இருக்காது.

லண்டன் பிஆர் கம்பெனி பெல் பாட்டிஞ்சர் கதை உனக்கே தெரியும். தென்னாப்பிரிக்காவுல குப்தான்னு ஒரு பெரிய தொழிலதிபர் குடும்பத்து கம்பெனிக்காக இன வெறுப்ப கிளப்புற பிரச்சாரம் பண்ணி, 2017 செப்டம்பர்ல பிரிட்டன் பிஆர் சங்கம் வெளிய தள்ளி, அதே மாசம் கம்பெனியே கவுந்துச்சு. அந்த அக்கவுண்ட்ட தொடாதவங்களுக்கும் சேத்துதான் வேல போச்சு.

சரி, டிராஃப்ட்டுக்கு வா. எண்ணிக்கைய போடு. பணம் என்னைக்கு திரும்பும்னு தேதி போடு, தேதி முடிவாகலன்னா "இன்னும் முடிவாகல, நாளைக்கு சாயங்காலம் சொல்றோம்"னு எழுது, எழுதிட்டு சாயங்காலம் சொல்லு. வெளிய விடுறதுக்கு முன்னாடி கஸ்டமர் கேர் பசங்களுக்கு ஒரு காப்பி போகட்டும், காலைல திட்டு வாங்கப் போறது அவங்கதான்.

அப்பா