பழைய பாஞ்சோ வாங்கப் போகும் நண்பனுக்கு

கால்வே, அயர்லாந்து

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. லீட்ஸ் குளிரில் வெளியே அழைத்துப் போகாதே, கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். இங்கே எல்லோரும் நலம். மழையும் நலம்.

சரி, பாஞ்சோ விஷயத்துக்கு வருகிறேன். டெனர் பாஞ்சோ, அதாவது நான்கு கம்பி வகை, எந்த நிறுவனத்துடையதை வாங்குவது, வேகாவா, பாரமவுண்டா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் 1920களின் அமெரிக்கச் சரக்கு. வேகா பாஸ்டனில் செய்தது, பாரமவுண்ட் நியூயார்க்கில். ஆனால் இரண்டுமே அயர்லாந்து இசைக்காகச் செய்தவை இல்லை. மைக் சரியாக இல்லாத நடன அரங்குகளில், டிரம்பெட்டையும் டிரம்ஸையும் மீறித் தாளத்தைக் கேட்கவைப்பதுதான் அப்போது டெனர் பாஞ்சோவின் வேலை. அங்கே சத்தம்தான் தகுதி. நியூயார்க்கில் குடியேறிய ஐரிஷ்காரர்கள் அதை எடுத்து மெட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். ஃப்ளானகன் சகோதரர்களின் பழைய இசைத்தட்டுகளில் மைக் ஃப்ளானகன் வாசிப்பதைக் கேள், கை என்ன வேகம்!

அந்த ஜாஸ் காலத்தில் கம்பிகளுக்கு சுருதி சி-ஜி-டி-ஏ. இன்று இங்கே எல்லோரும் வைப்பது ஜி-டி-ஏ-ஈ, அதாவது வயலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே. டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா வழியாகப் பரவிய பழக்கம் அது. அதே சுருதி வரிசையுள்ள மாண்டலினைத் திருச்சி மெல்லிசைக் குழுவில் வாசித்தவன் நீ. விரல் எங்கே போக வேண்டும் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இடைவெளி மட்டும்தான் அகலம்.

சிக்கல் அடியில் இருக்கும் ஜி கம்பியில். சி-க்காகப் போட்ட கம்பியையே தளர்த்தி ஜி-க்கு இறக்கினால் துணிக்கொடி மாதிரி தொங்கும். தடித்த கம்பி போட வேண்டும்; நான் போடுவது 12, 20, 30, 40 (அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்ற கணக்கு). பழைய பாஞ்சோவின் நட்டில் (கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் பதியும் கட்டையில்) உள்ள பள்ளம் இந்த 40-ஐ ஏற்காது, அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும். அப்புறம் ஃப்ரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளின் கணக்கு. 17 ஃப்ரெட் பாஞ்சோவில் கம்பி நீளம் ஏறக்குறைய 21 அங்குலம், 19 ஃப்ரெட்டில் 23-ஐ ஒட்டி வரும். குட்டைக் கழுத்தில் விரலுக்குச் சுகம், மாண்டலின் கைக்கு இன்னும் சுகம். ஆனால் ஜி கம்பி அதில் முணுமுணுக்கும். உன் கை பெரிய கைதானே, 19-க்கே போ.

போன மாதம் நாங்கள் கூடி வாசிக்கும் இடத்துக்கு நண்பர் ஒருவர் தன் பாரமவுண்டை எடுத்து வந்தார். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்குகிறார். என் வேகா லிட்டில் வொண்டரை அவரிடம் கொடுத்துவிட்டு அவருடையதை நான் வாங்கி வாசித்தேன். அம்மாடி, என்ன கனம்! பின்புறம் ஒலியை முன்னால் தள்ளும் ரெசனேட்டர் மூடி, சுற்றிலும் உலோகப் பட்டை. முதல் சுரத்திலேயே அறை முழுவதும் அதுதான். தனியாகக் கேட்டால் மணி மணியாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ரீல் (வேகமான ஐரிஷ் நடன மெட்டு) தொடங்கியதும் எனக்குப் பக்கத்தில் இருந்த வயலின் வாசிக்கும் அம்மா ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். லிட்டில் வொண்டரில் மரவளையத்தின் மேல் எளிய உலோக வேலை மட்டும்தான், பின்புறம் திறந்தது. சுரம் எழுந்து உடனே அடங்கிவிடும். டிரிப்லெட் (மூன்று சுரங்களை அடுத்தடுத்து வேகமாக அடிப்பது) போடும்போது மூன்று அடியும் தனித்தனியாக விழுவது அதனால்தான். பாரமவுண்டில் முதல் அடியின் மிச்சம் மூன்றாவது அடி மேல் ஏறி நிற்கிறது. வளையத்தின் மேல் இழுத்துக் கட்டிய தோலுக்கு அடியில் ஒரு காலுறையைத் திணித்தால் அடங்கும், பலரும் செய்கிறார்கள். காலுறை திணிப்பதற்கா அவ்வளவு பணம்?

வேகாவிலேயே மேல்வகை ட்யூபாஃபோன். வளையத்தின் மேல் துளையிட்ட சதுரப் பித்தளைக் குழாய் உட்கார்ந்திருக்கும், நாதம் நீளும். மேடையில் தனியாக வாசிப்பவருக்கு அருமை. ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் இடத்துக்கு லிட்டில் வொண்டர் போதும் என்பேன், விலையும் குறைவு. பழைய கிப்ஸன் டெனர் ஏதாவது கண்ணில் பட்டால் வட்டமும் (வளையமும் தோலும் சேர்ந்த உடல்) கழுத்தும் ஒன்றாகப் பிறந்தவையா என்று பார். ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக்காரர்கள் அந்த வட்டத்துக்காகவே வாங்கி, டெனர் கழுத்தைக் கழற்றிவிட்டு ஐந்து கம்பிக் கழுத்தை மாட்டினார்கள். எத்தனை நல்ல டெனர்கள் அப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

விற்பவரிடம் ரெசனேட்டரையோ பின்பக்கத்தையோ மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதே, உட்புறத்தையும் கேள். வேகாவில் வரிசை எண் வளையத்தின் உள்பக்கமும், நடுவே குறுக்கே ஓடும் மரத்தடியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கழுத்து வளையத்தைத் தொடும் இடத்தில் தாள் நுழையும் இடைவெளி தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேள். ஆட்டுத்தோல், கன்றுத்தோல் என்று பெருமையாகச் சொன்னால் மயங்காதே. இந்த ஊர் ஈரத்தில் தோல் தளர்ந்து, கூட்டம் சேர்ந்து அறை சூடானதும் இறுகும், ஒரே மாலையில் சுருதி இரண்டு பக்கமும் ஓடும். பிளாஸ்டிக் தோல் போட்டுக்கொள். பழைய வட்டங்கள் எல்லாம் ஒரே அளவில்லை, அளந்த பிறகே வாங்கு.

அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் உங்கள் ஊரில் 20% வாட் வரியைக் கணக்கில் சேர்த்துக்கொள். பிரேசில் ரோஸ்வுட் என்று விளம்பரத்தில் இருந்தால் இன்னும் கவனம். 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் கடுமையான கட்டுப்பாடு உள்ள மரம் அது, சரியான அனுமதித் தாள் இல்லாவிட்டால் சுங்கத்தில் நின்றுவிடும்.

எதை வாங்கினாலும் ஜூலையில் மில்டவுன் மால்பேக்கு வில்லி கிளான்சி வாரம் என்ற ஐரிஷ் இசை விழாவுக்கு எடுத்துக்கொண்டு வா. அந்த வாரம் கிளேர் பக்கம் தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் வருகிறாயா இல்லையா என்று இந்த மாதமே சொல். தங்கச்சியும் பிள்ளைகளும் வருவதானால் பெரிய அறையாகப் பார்க்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முரளி