மாமாக் கடையில உக்காந்து பந்து பாக்குற நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிங்களே, தங்கச்சிங்களே,

சனிக்கிழம ராத்திரி எங்க வீட்டு கீழ இருக்குற மாமாக் கடைக்கு வந்தா உங்களதான் பாக்குறேன், ஆளுக்கொரு தே ஓ ஐஸ், நடுவுல ரொட்டி சானாய், பெரிய திரையில இபிஎல், லிவர்பூல் கோல் போட்டா மேசைய தட்டி நாலு தெருவுக்கு கேக்குற மாதிரி கத்துறீங்க. பாக்க சந்தோஷமாதான் இருக்கு, அத நான் குத்தம் சொல்ல வரல. ஆனா போன மாசம் உங்க மேசையில ஒரு தம்பிகிட்ட அடுத்த மலேசியா ஆட்டத்துக்கு புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துக்கு வரியான்னு கேட்டேன், அவன் சொன்னான், "அங்க நமக்கு என்னா அங்கிள் இருக்கு, டீம்ல நம்மாளே இல்ல லா." அந்த வார்த்த எனக்கு ரெண்டு நாளு தூக்கத்த கெடுத்துருச்சு. அதுக்குதான் இந்த மடல்.

தம்பி, அங்க நமக்கு என்ன இருக்குன்னு எங்கப்பா கதையிலேருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு. அந்த காலத்துல தோட்டத்துக்கு தோட்டம் ஒரு பாடாங், அதான் பந்து திடல், இருக்கும், ஒரு டீமும் இருக்கும், வேல முடிஞ்சி சாயந்தரம் வெறுங்காலோட பந்து அடிப்பாங்க. மெர்டேக்கா போட்டி நடக்கறப்போ தோட்டத்து லோரியில பத்து பதினஞ்சி பேரு நின்னுகிட்டே கேஎல் போயி மெர்டேக்கா ஸ்டேடியத்துல பாத்துட்டு விடியக்கால ரெண்டு மணிக்கு திரும்புவாங்களாம், நாலு மணிக்கு மறுபடி வேலைக்கு பேரு குடுக்க பெரட்டுக்கு போவணும். 1957-ல சுதந்திரம் அறிவிச்ச அதே ஸ்டேடியம்தான். அங்க அவரு கோல் போஸ்ட்டுக்கு பின்னாடி உக்காந்து பாத்த ஆளு மலேசியா கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம். நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களான்னு தெரியல, நீளமான கை, அதனால அவருக்கு ஸ்பைடர்மேன்னே பேரு. 1974-ல தெஹ்ரான் ஆசிய விளையாட்டுல மலேசியா வெண்கலம் வாங்குன காலத்து டீமுல ஆறுமுகம், எம். சந்திரன்னு நம்ம பேருங்க மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங் கூட ஒண்ணா வரும். எங்கப்பா இந்த பேருங்கள சாமி பேரு சொல்ற மாதிரி வரிசையா சொல்லுவாரு. 1980-ல தென் கொரியாவ 2-1ன்னு ஜெயிச்சி மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இடம் கெடச்சி, அப்புறம் அரசாங்கம் புறக்கணிப்புல சேந்ததால டீம் போவாமயே இருந்துச்சு பாருங்க, அந்த வருத்தம் அவருக்கு கடைசி வரைக்கும் போவல. ஆறுமுகம் 1988-ல கார் விபத்துல இறந்தப்போ எங்க லயத்துல அன்னிக்கி யாரும் ரேடியோவுல பாட்டு வைக்கல, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

இப்ப புக்கிட் ஜாலில். 1998 காமன்வெல்த் போட்டிக்கு கட்டுனது, 85,000 பேருக்கு மேல உக்காரலாம், இந்த வட்டாரத்துலயே பெரிய ஸ்டேடியங்கள்ல ஒண்ணு. எங்கப்பா அங்க ஒரே ஒரு தடவதான் வந்தாரு. 2010 டிசம்பர் 26, ஞாயித்துக்கெழம, தென்கிழக்காசிய நாடுங்க மோதுற ஏஎஃப்எஃப் சுசுகி கப் இறுதி, ரெண்டு ஆட்டத்துல மொத ஆட்டம் நம்ம ஊர்ல, எதிர்ல இந்தோனேசியா. அதே இந்தோனேசியாகிட்ட அந்த மாச ஆரம்பத்துலதான் ஜகார்த்தாவுல 5-1ன்னு தோத்துருந்தோம். கோச் யாரு தெரியுமா? கே. ராஜகோபால். அதுக்கு முந்தின வருஷம் லாவோஸ்ல சீ கேம்ஸ்ங்கற தென்கிழக்காசிய விளையாட்டு போட்டியில தங்கம் வாங்கி குடுத்த அதே ராஜகோபால், அதுவும் இருபது வருஷம் கழிச்சி கெடச்ச தங்கம்.

அன்னிக்கி எல்ஆர்டி ட்ரெயின்ல எங்கப்பாவ கைய புடிச்சி ஏத்துனேன், உள்ள மஞ்ச ஜெர்சி தவிர எதுவுமே தெரியல, ஒரு மலாய்க்கார பையன் எழுந்து "பாச்சிக், டுடோக்"ன்னு இடம் குடுத்தான், ஸ்டேஷன்ல இறங்குனதுலேருந்து கேட் வரைக்கும் ரெண்டு பக்கமும் ஸ்கார்ஃப், கொடி, ராம்லி பர்கர் பொக, கச்சாங் பூத்தே, ஒருத்தன் ட்ரம்ம அடிச்சிகிட்டே போறான், அப்பா ஒரு இடத்துல நின்னுட்டாரு, நடக்க முடியலயோன்னு பயந்து கேட்டா "இரு, நல்லா பாத்துக்கறேன்"ன்னாரு. படியேறி உள்ள போயி மொத மொதல்ல அந்த பச்ச தெரியிற நொடி இருக்கே, டிவியில அது வராது. எத்தன இன்ச் டிவி வாங்குனாலும் வராது. நீங்க லிவர்பூலோட ஆன்ஃபீல்டு ஸ்டேடியத்த பாக்கணும்னு காசு சேக்குறீங்க, சேருங்க, ஆனா அந்த நொடி எல்ஆர்டி டிக்கெட்டு காசுக்கு பக்கத்துலயே இருக்கு.

நம்ம நாட்டு கீதம் நெகாராகூ பாடுறப்போ எண்பதாயிரம் பேருக்கு மேல எழுந்து நின்னாங்க. எங்கப்பா பால் வாளிய தூக்கி தூக்கி வளஞ்சி போன முதுக நிமித்தி நின்னாரு.

மொத பாதியில கோல் இல்ல. ரெண்டாவது பாதி ஆரம்பத்துல கூட்டத்துலேருந்து யாரோ லேசர் அடிச்சி, இந்தோனேசியா ஆட்டக்காரங்க ஆட மாட்டோம்னு வெளிய போயி, ஆட்டம் கொஞ்ச நேரம் நின்னு போச்சு. எனக்கு அது பெரிய அசிங்கமா இருந்துச்சு, இன்னிக்கும் அசிங்கம்தான், ஜெயிச்சதுனால அது சரியாயிடாது. அப்புறம் ஆட்டம் திரும்ப ஆரம்பிச்சி சாஃபி சாலி ஒண்ணு, அஷாரி ஒண்ணு, மறுபடியும் சாஃபி, 3-0. பக்கத்துல இருந்த சீன அங்கிள் ஒருத்தரு எங்கப்பாவ கட்டி புடிச்சிட்டாரு, ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பேரு ஒருத்தருக்கு தெரியாது. ஆனா அப்பா பந்த பாத்தத விட கோட்டு ஓரத்துல நின்ன ராஜகோபாலதான் ரொம்ப நேரம் பாத்தாரு. மூணு நாளு கழிச்சி ஜகார்த்தாவுல 2-1 தோத்தும் மொத்தத்துல 4-2, கப்பு நமக்கு, டிசம்பர் 31 நாடு பூரா லீவு. நம்மாளு ஒருத்தரு தயாராக்குன டீமுக்காக இந்த நாடே ஒரு நாளு வேலைய நிறுத்திச்சு தம்பி. "அங்க நமக்கு என்னா இருக்கு"ன்னு கேட்டியே, அதுக்கு இது ஒண்ணே போதும்.

இப்போ டீம்ல நம்ம பேரு கொறஞ்சிருச்சிங்கறது உண்ம. குருசாமி, குணாலன் ஆடுன காலத்துக்கு அப்புறம் தேட வேண்டியிருக்கு, எனக்கும் அது வலிக்குது. தோட்டம் போச்சு, தோட்டத்தோட பாடாங்கும் போச்சு, நாம பிளாட்டுக்கு வந்துட்டோம், பிளாட்டு கீழ கார் பார்க்தான் இருக்கு. ஆனா ஸ்டேடியம் பக்கமே போவாத பிள்ளைக்கு அந்த ஜெர்சிய போடணும்னு ஆச எங்கேருந்து வரும்? எட்டு வயசு பையன் ஒருத்தன் அந்த படியில ஏறி அந்த பச்சைய பாத்தாதான மறுநாளு அப்பாகிட்ட பூட்ஸ் கேப்பான்.

இன்னொண்ணும் சொல்வீங்கன்னு தெரியும், 2025 விஷயம். ஜூன் 10 வியட்நாம 4-0ன்னு அடிச்ச ராத்திரி நானும் எம்மகளும் அங்கதான் இருந்தோம், தொண்ட போற வரைக்கும் கத்துனோம். செப்டம்பர்ல ஏழு ஆட்டக்காரங்களோட தாத்தா பாட்டி பிறப்பு பேப்பர் பொய்யின்னு ஃபீஃபா தண்டன குடுத்துச்சு. எம்மக வந்து "அப்பா, அப்ப நாம கத்துனது பொய்யா?"ன்னு கேட்டா. பதில் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. கடைசியில சொன்னேன், நீ கத்துனது பொய் இல்லம்மா, அது உன்னோடது, பேப்பர்ல தப்பு செஞ்சது யாரோ அவங்கதான் வெக்கப்படணும். எனக்கு கோவம் இருக்கு, ரொம்பவே இருக்கு, ஆனா கோவத்துக்காக என் இடத்த விட்டு குடுக்க மாட்டேன். ஆஃபீஸ்ல உக்காந்திருக்கவங்க மாறுவாங்க. அந்த ஸ்டேடியம் லோரியில நின்னுகிட்டு போன எங்கப்பா மாதிரி ஆளுங்களோடது. கேள்வி கேக்குறவன் உள்ள இருந்து கேக்கணும், மாமாக் கடையில இருந்து கேட்டா எவன் காதுல விழும்?

பாதுகாப்பு இல்லன்னு சில அம்மாமாரு சொல்றாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன், கோளாறு நடந்திருக்கு, 2015-ல ஷா ஆலாம்ல சவூதி ஆட்டத்துல நம்ம ரசிகருங்களே ஃப்ளேர் எறிஞ்சி ஆட்டம் முடியாமயே நிறுத்துனாங்க. ஆனா இத்தன வருஷமா மகள கூட்டிகிட்டு போறேன், ஒரு தடவ கூட யாரும் எங்கள ஒரு மாதிரி பாத்தது இல்ல. கோல் போஸ்ட்டுக்கு பின்னாடி கருப்பு சட்டயோட அல்ட்ராஸ் மலாயா ரசிகர் கூட்டம் நிப்பாங்க, தொண்ணூறு நிமிஷமும் உக்கார மாட்டாங்க, பாட்டும் ட்ரம்மும் ஓயாது. சின்ன பிள்ளைங்களோட வந்தா அங்க வேணாம், பக்கவாட்டுல எடுங்க, ஆட்டமும் நல்லா தெரியும். லேசர், பட்டாசு, ஃப்ளேர் யாரு கொண்டு வந்தாலும், அது நம்ம கூட்டாளியா இருந்தாலும், கூட்டிகிட்டு வராதீங்க.

காரு எடுக்காதீங்க, முடிஞ்சி வெளிய வர ஒரு மணி நேரம் ஆவும். கிள்ளான் பக்கம் இருக்கவங்க கோமுட்டர் ட்ரெயின் ஏறி சுபாங் ஜெயாவுல இறங்கி எல்ஆர்டி, புத்ரா ஹைட்ஸ்ல மாறுனா நேரா புக்கிட் ஜாலில்தான். ஆட்டம் ராத்திரிதான் இருக்கும், ஆறர மணிக்கே வந்துருங்க, அந்த நடையும் சத்தமும் ஆட்டத்துல பாதி. போத்தல் கொண்டு வராதீங்க, கேட்ல வச்சிட்டு போவ சொல்லுவாங்க. திரும்புற ட்ரெயினுக்கு டச் அண்ட் கோ கார்டுல முன்னாடியே காசு போட்டு வைங்க, இல்லன்னா மெஷின் முன்னால வரிச அனுமார் வாலு மாதிரி நிக்கும்.

அப்பா 2017-ல போயிட்டாரு. அந்த 2010 ஆட்டத்தன்னிக்கி அவரு கழுத்துல போட்டுருந்த ஸ்கார்ஃப் எங்கிட்டதான் இருக்கு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எம்மகதான் அத போட்டுகிட்டு வருவா. அடுத்த ஆட்டத்தன்னிக்கி ஆறர மணிக்கு புக்கிட் ஜாலில் ஸ்டேஷன் படிக்கட்டு கீழ நாங்க ரெண்டு பேரும் நிப்போம். அந்த மாமாக் கடை தம்பிக்கு டிக்கெட்ட நானே எடுத்து வச்சிட்டேன். கூட்டாளிங்க எத்தன பேரு வராங்கன்னு மட்டும் வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிருப்பா.

அன்போட,
உங்க கடைக்கு மேல மூணாவது மாடியில இருக்குற அங்கிள்