தோடியும் கிடாரும்

அன்புள்ள சாந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதவிடாமல் செய்தது நீ கடைசியில் கேட்டிருந்த கேள்விதான்: "இந்தக் கலப்பிசையெல்லாம் உனக்கு நிஜமாகவே பிடிக்கிறதா?"

பிடிக்கிறது. 1985-இல் 'சிந்து பைரவி' வந்தபோது நாம் சண்டை போட்டுக்கொண்டது நினைவிருக்கிறதா? காம்போதி ராகத்தில் பாடிப் பழகிய 'மரி மரி நின்னே' கீர்த்தனையை இளையராஜா சாரமதி ராகத்துக்கு மாற்றிவிட்டாரே என்று உனக்குக் கோபம். எனக்கோ, நாட்டுப்புற மெட்டு ஸ்வரமாகி, ஸ்வரம் கீர்த்தனையில் போய் இறங்கும் அந்த இடத்தில் இன்றும் கண் கலங்கும்.

ஆனால் கலப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. என் பெண் கிடார் வாசிக்கிறாள் அல்லவா, போன மாதம் நான் தோடி ராகத்தில் நாலு வரி பாட, அவள் கூடவே வாசித்தாள். ச, க, ப மூன்றையும் சேர்த்து மைனர் கார்டு. கணக்கில் சரிதான், மூன்றும் தோடியின் ஸ்வரங்களே. கேட்கத்தான் முடியவில்லை. தோடியின் காந்தாரம், அந்த 'க', ஓரிடத்தில் நிற்குமா? ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். கிடாரின் காந்தாரமோ வைத்த இடத்தில் அசையாமல் நின்றது. சரி என்று கமகத்தை, அந்த ஆட்டத்தை, குறைத்துப் பாடினேன். இரண்டும் சேர்ந்தன, தோடி போய்விட்டது.

கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். காந்தாரத்தை விட்டுவிட்டு ச, ப மட்டும் மீட்டினாள். நான் பஞ்சமத்தில் (ப) கார்வை கொடுத்து நீட்டி நின்றபோது மட்டும் முழுக் கார்டு! எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது, சாந்தா. (கீரவாணி ராகத்தில் இவ்வளவு பாடு இல்லை. மேற்கத்திய ஹார்மோனிக் மைனர் ஸ்கேலுக்கும் அதே ஸ்வரங்கள்தானே.)

தூய்மை கெடும் என்கிறாய். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சாகித்தியம் எழுதித் தந்த நோட்டுஸ்வரங்களைத்தானே சின்ன வயதில் அத்தனை ஆசையாகப் பாடினோம்? அவர் தம்பி பாலுசுவாமி கற்றுக்கொண்ட அந்த வெளிநாட்டு வயலின் இல்லாமல் உனக்குக் கச்சேரி ரசிக்குமா?

பதிவை இத்துடன் அனுப்புகிறேன். மூன்றாவது வரியைக் கவனித்துக் கேள். அங்கே தோடி இருக்கிறதா இல்லையா என்று நீதான் சொல்ல வேண்டும். உன் காதுக்கு முன்னால் நான் இன்றும் பயந்துகொண்டுதான் பாடுகிறேன்.

முழங்கால் வலி தேவலையா? எழுது.

உன்,
ராஜி