பட்டறைச் சத்தமும் காது கேளாத பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக சைகை மொழி நாளையொட்டி வேலூர் பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். காது கேளாத மாணவர்கள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிப்பதைப் பாராட்டியிருந்தீர்கள். நன்றி. ஆனால், மெஷின் இரைச்சல் அவர்களைத் தொந்தரவு செய்யாது, அதனால் பட்டறை வேலைக்கு அவர்களே பொருத்தம் என்று நடுவில் ஒரு வரி. எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். எனக்கு மனசு ஆறவில்லை.

நான் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) ஓட்டி ஓய்வு பெற்றவன். என் மகனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. லேத்காரனுக்குச் சத்தம் தொந்தரவு இல்லை, எச்சரிக்கை. இரும்பைச் சீவும் டூலின் முனை மழுங்கினால் முதலில் சத்தம்தான் மாறும். கீச்சென்று இழுக்கும்போதே நாங்கள் மெஷினை நிறுத்திவிடுவோம். என் மகன் மெஷினின் கைச்சக்கரத்தில் விரல் வைத்து அதிர்வைப் பார்க்கிறான். உதிரும் இரும்புச் சுருள் நீலமாக மாறினால் சூடு ஏறுகிறது என்று புரிந்துகொள்கிறான். இதை அவனுக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. சினேகிதர் பட்டறையில் நிறுத்தி நான்தான் காட்டிக் கொடுத்தேன். கல்லூரியில் ஆசிரியர் மெஷினைப் பார்த்துக்கொண்டே விளக்குகிறார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்குத் தெரிவது அவர் முதுகு மட்டும். தீ விபத்துக்கு மணி இருக்கிறது, கூடவே மின்னும் விளக்கு கிடையாது.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் வாயாலேயே கேள்வி கேட்டிருக்கிறார். எழுதித் தரச் சொல்லி மகன் நோட்டை நீட்டியதும், நேரமில்லை என்று அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார். அவன் கடைந்து கொடுத்த ஜாப்பின் அளவு சரியாக இருந்தது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு மதிப்பெண் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. என் மகன் தமிழ் மட்டும் எழுதிப் பத்தாம் வகுப்பு தேறினான். டிப்ளமோவில் நுழைந்ததும் புத்தகம், கரும்பலகை எல்லாம் ஆங்கிலம். விலக்கு கொடுத்தவர்கள் அடுத்த படியை யோசித்திருக்க வேண்டாமா?

உங்கள் பத்திரிகையில் காதொலிக் கருவி வழங்கும் விழாப் படம் தவறாமல் வருகிறது. பேட்டரி தீர்ந்தபின் அந்தக் குடும்பம் என்ன செய்கிறது, பட்டறைக்குள் அந்தக் கருவி பேச்சோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குவதால் பிள்ளைகள் ஏன் கழற்றி வைக்கிறார்கள் என்று ஒரு செய்தியும் வந்ததில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதே சட்டம்தான் மாணவரின் தேவைக்கேற்ற வசதி செய்து தரவும், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிக்கவும் சொல்கிறது. இடம் கொடுத்துவிட்டார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் கேட்டுப் போனால், "ஒரு பையனுக்காகவா சார்?" என்கிறார்கள். 2015இல் டெல்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொழில்நுட்பச் சொற்களுக்கும் சேர்த்து அகராதி வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கல்லூரியில் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

வகுப்புக்கு முந்தின நாளே பாடக்குறிப்பு கொடுப்பது, பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பேசுவது, வைவா கேள்வியை எழுதிக் காட்டுவது, இதற்கெல்லாம் அரசாணை வேண்டுமா? இதை எழுதுங்கள் ஐயா. பிள்ளைகளின் மன உறுதியைப் பாராட்டி எழுதியது போதும்.

உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பாலிடெக்னிக் சேர்க்கை சமயத்தில் நீங்கள் யூடியூப்பில் போடும் வழிகாட்டி வீடியோக்களில் கீழே எழுத்து ஓடுவதில்லை. மகன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரில் எழுதிக் காட்டப் பார்த்தேன், பேசுகிறவர் வேகத்துக்கு என் கை ஓடவில்லை. அடுத்த சேர்க்கைக்குள் அவற்றில் தமிழில் எழுத்து போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
காது கேளாத மாணவனின் தந்தை,
காட்பாடி.
(பெயர் வெளியிட வேண்டாம்)