சரவாங்கியோடு வந்த ரத்தக்கட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சரவாங்கி எனப்படும் முடக்குவாதம் குறித்துத் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒரு முறை மட்டுமே போட வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருந்தது மிகவும் தேவையான எச்சரிக்கை. அந்நோய் உள்ளவர்களுக்கு அரிதாக வரும் ரத்தக் கோளாறான, பிற்காலத்து ஹீமோபிலியாவைப் (ரத்தம் உறையாமை) பற்றியும் நான்கு வரி இருந்திருக்கலாமே என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

என் தாயாருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சரவாங்கி. ஒருநாள் ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை சுற்றிய இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றி, இரண்டே நாளில் அந்தக் கன்றல் முன்கை வரை இறங்கியது. எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. வலி மாத்திரையின் வேலை என்றார்கள், நாங்களும் நம்பினோம். பிறகு இடுப்பில் போட்ட ஓர் ஊசியால் தொடை வரை ரத்தம் கட்டி, எழுந்து நிற்கவே முடியாமல் போயிற்று. அப்போதும் ரத்தக்கசிவு நேரமும் உறைவு நேரமும் மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வேறொரு மருத்துவர், ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று ஆய்வகத்தில் நுட்பமாகப் பார்க்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனையை எழுதிக் கொடுத்தபோதுதான், முப்பது வினாடியை ஒட்டி இருக்க வேண்டிய அளவு எண்பதைத் தாண்டியிருப்பது தெரிந்தது.

ஹீமோபிலியா என்றால் ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வருவது என்றுதான் நாம் அறிந்திருக்கிறோம். என் தாயாருக்கு வந்ததோ பிற்காலத்தில் வருவது. ஆண், பெண் இருபாலரையும் தாக்குவது. சரவாங்கியில் சொந்த மூட்டையே பகையாகக் கருதும் உடல், ரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதத்துக்கு எதிராகவும் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடுகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே வரும் என்பதால் மருத்துவர்களுக்கும் உடனே நினைவுக்கு வருவதில்லை. பிறவி ஹீமோபிலியாவில் மூட்டுக்குள் ரத்தம் கசியும். இதிலோ பெரும்பாலும் தோலுக்கு அடியிலும் தசையிலும்தான் கட்டும். நோயாளியின் பிளாஸ்மாவோடு (ரத்தத்தின் நீர்ப்பகுதி) நலமான ஒருவரின் பிளாஸ்மாவைக் கலந்து இரண்டு மணி நேரம் உடல் வெப்பத்தில் வைத்த பிறகும் உறைதல் சீராகவில்லை என்றால், எதிர்ப்பொருள் இருப்பதாகப் பலமாகச் சந்தேகிக்கலாம். சரவாங்கிக்கே தரப்படும் ரிட்டுக்சிமாப் இந்த எதிர்ப்பொருளை அடக்கவும் பயன்படுகிறது. என் தாயாருக்கு ஸ்டீராய்டோடு அதைக் கொடுத்துத்தான் ரத்தக்கட்டு நின்றது.

நம் ஊர்களில் பல் பிடுங்குவதற்கு முன்பும் ரத்தக்கசிவு நேரம், உறைவு நேரம் இரண்டை மட்டும் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க அவை போதாது. ஆகவே, அடிபடாமலே தோல் கன்றும் சரவாங்கி நோயாளிக்கு ஏ.பி.டி.டி. பார்க்காமல் தசையில் ஊசி போடவோ பல்லைப் பிடுங்கவோ கூடாது என்பதைத் தங்கள் மருத்துவப் பகுதியில் ஒரு நிபுணரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.