உப்பிய பாட்டிலும் கள்ளு வண்டலும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ஒட்டன்சத்திரம் கடையிலிருந்து உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

செடிகளின் வேரோரம் ஊற்ற நாங்கள் ஈஸ்ட் வளர்த்து விற்கும் உயிர்க்கரைசல் பாட்டில் ஒன்றைத் திறந்ததும் நுரை பொங்கி வழியும் வீடியோ உங்களில் பலருக்கும் வந்திருக்கும். எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். பாட்டில் உப்பியதை ஒருவர் காட்டியதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் “கள்ளு வண்டலைத் தண்ணீரில் கரைத்து விற்கிறார்கள்” என்று அதில் ஒரு குரல் கேட்கிறதே, அதுதான் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

கள்ளிலும் ரொட்டி மாவிலும் வேலை செய்வது சக்காரோமைசிஸ் என்னும் ஈஸ்ட். அதை நான் மட்டமாகப் பேசவில்லை. பஞ்சகவ்யாவில் கள் ஊற்றுகிறோம். கள் கிடைக்காத இடத்தில் ஈஸ்ட் தூளும் வெல்லமும் கரைத்து விடுகிறோம். ஆனால் நாங்கள் வளர்ப்பது ரோடோடோருலா. மண்ணிலும் இலை மேலும் இயல்பாகவே வாழும் ஈஸ்ட் அது. கடைக்கு உள்ளே வந்தவர்கள் கண்ணாடித் தட்டில் பார்த்திருக்கிறீர்கள்: நகப்பூச்சைச் சொட்டுச் சொட்டாக வைத்ததுபோல் இளஞ்சிவப்பில் பளபளத்துக்கொண்டு நிற்கும். கேரட்டுக்கு நிறம் தருகிற கரோட்டின் குடும்பத்து நிறமி அது. கள்ளு ஈஸ்ட் வெளிறிய வெண்ணெய் நிறம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும்.

எங்கள் ரோடோடோருலா சர்க்கரையைப் புளிக்க வைக்காது. ரோடோடோருலிக் அமிலம் என்ற ஒன்றைச் சுரந்து, சுற்றியுள்ள இரும்பைக் கவ்விக்கொள்ளும். இரும்பு கிடைக்காத நோய்ப் பூஞ்சை முளைக்கத் திணறும். வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கும் வகைகளும், மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைத்துத் தரும் வகைகளும் ஈஸ்ட்களில் உண்டு. இத்தனை வேலை செய்யும் உயிரைத்தான் வண்டல் என்கிறார்கள்.

அப்படியானால் நுரை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஏழு வருடம் வளர்ப்பறையைப் பார்த்துக்கொண்ட தங்கை கல்யாணமாகிப் போனபின், மார்ச்சில் எடுத்த சரக்கில் வேறு நுண்ணுயிர் புகுந்து புளிக்க வைத்துவிட்டது. மூடியில் மார்ச் என்று இருந்தால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிளகாய் நாற்றுக்கு ஊற்றியும் பலனில்லை என்று ஓர் அண்ணன் வந்தார். அவருடைய தெளிப்பான் டேங்கை எட்டிப் பார்த்தேன். அடியில் நீலப்பச்சைப் படிவு. காப்பர் ஆக்ஸி குளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்துக் கலந்திருக்கிறார். ஈஸ்ட்டும் பூஞ்சை இனம்தான் அண்ணே, பூஞ்சைக்கொல்லிக்கு நல்லது கெட்டது தெரியாது. இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்ற வேண்டாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் வேண்டாம். கிணற்றுத் தண்ணீரில் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் வேரோரம் ஊற்றுங்கள். அழுகி விழுந்த நாற்றை இது எழுப்பாது. நாற்று குழித்தட்டில் இருக்கும்போதே கொடுத்தால்தான் வேரோரத்தில் முதலில் இடம் பிடிக்கும்.

லேபிள்கூட ஒட்டாத கேனை என் வார்த்தையை மட்டும் நம்பி முருங்கைக்கும் தக்காளிக்கும் வாங்கிப் போனவர்கள் நீங்கள். வீடியோ வந்த மறுநாளும் வழக்கம்போல் வந்து இரண்டு லிட்டர் கேட்டு வாங்கிப்போன அம்மாவை நான் மறக்க மாட்டேன். உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

ஈஸ்ட் வளர்க்க வாங்கும் கரும்பாலைக் கழிவுப்பாகும் பாட்டிலும் விலை ஏறியதால் அடுத்த சரக்கு லிட்டர் 310 ரூபாய்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வளர்ப்பறையைத் திறந்து வைக்கிறேன். அந்த வீடியோவில் பேசியவரும் வரட்டும். இரண்டு தட்டையும் அருகருகே வைத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்